ஐப்பசி மழைக்குச் சின்னப் பள்ளியைத் தயார் செய்வது எப்படி: மழைமானி முதல் மாவலி வரை

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும். அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கி டிசம்பர் முடிய, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. தீபாவளியும் திருக்கார்த்திகையும் இதே காலத்தில் வருகின்றன. தண்ணீர், நெருப்பு, மின்சாரம், இடி, பாம்பு, கொசு என்று பிள்ளைகளைத் தொடக்கூடிய ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த எழுபது எண்பது நாளுக்குள் அடங்கிவிடும்.

இரண்டு ஆசிரியர்கள், நாற்பது பிள்ளைகள், ஒரு சத்துணவு அமைப்பாளர், ஒரு சமையலர் என்று நடக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது இது. அங்கே பாதுகாப்புக்கென்று தனி ஆளும் கிடையாது, தனிப் பாடவேளையும் கிடையாது. அதனால் பருவத்துக்கு ஏற்ற செயல்பாடாகவே ஒவ்வொரு பாதுகாப்புப் பாடத்தையும் நடத்திவிட வேண்டும். "ஜாக்கிரதையா இரு" என்று நூறு தடவை சொன்னாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. குளத்தில் விழுந்தவரை இழுக்கக் கயிறு கட்டிய கேனை ஒருமுறை எறிந்து பார்த்த பிள்ளைக்குத் தெரியும்.

முதல் வேலை: மழைமானி

எல்லாவற்றுக்கும் அச்சு இதுதான். பாட்டிலில் தெரியும் மில்லிமீட்டரைப் பார்த்துத்தான் அன்றைக்குப் பள்ளியில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்யப் போகிறோம். விலையில்லாமலே செய்துவிடலாம்.

தேவை: 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று (உடல் பகுதி நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கிய பாட்டில் வேண்டாம்), ஒரு கை சிமெண்ட், இரண்டு கை மணல், 30 செ.மீ. அளவுகோல், பழைய செங்கல் ஆறு, அழியாத மை பேனா.

பாட்டிலின் தோள் சரிவு முடிந்து உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். வெட்டும் வேலை ஆசிரியருடையது. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். அடிப்பாகத்தில் ஐந்து குழிகள் இருக்கும் அல்லவா, அதை அப்படியே விட்டால் கணக்கு தப்பும். சிமெண்டும் மணலும் குழைத்து, குழிகள் மூடி மேல்பரப்பு சமமாகும் வரை ஊற்றி, ஒருநாள் காயவிடுங்கள். சமமான அந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடுகள் போடுங்கள். வெட்டிய மேல்பாகத்தை, மூடியைக் கழற்றிவிட்டு, புனல்போலக் கவிழ்த்து உள்ளே செருகினால் முடிந்தது. புனல் இருந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாவது குறையும்.

கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுப் பூஜ்யக் கோடு வைக்கச் சொல்லும் செய்முறை பரவலாக இருக்கிறது. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தண்ணீர் எப்போதும் பாட்டிலிலேயே நிற்பதால், டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போலாகிவிடும். சிமெண்ட் போட்டால் அந்தக் கவலை இல்லை. காற்றில் சாயவும் சாயாது.

வைக்கும் இடம்: பாட்டிலின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ இருந்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே போகும். கட்டடத்திலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வேப்பமரத்தடியில் வைத்த மழைமானி வேப்பமரம் சொட்டுவதைத்தான் அளக்கும். சுற்றிலும் செங்கல் அடுக்கினால் பந்து பட்டு உருளாது.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்கு அளவெடுக்கிறது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த நேரத்துக்கே எடுக்கலாம். இல்லையென்றால் பள்ளி கூடும் நேரத்துக்கு எடுங்கள். ஆனால் தினமும் அதே நேரம். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இறக்கிப் பார்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் பிள்ளை ஒரு அளவு, உட்கார்ந்து பார்க்கும் பிள்ளை வேறொரு அளவு சொல்லும். இருவரைத் தனித்தனியே பார்க்கச் சொல்லி, இரண்டும் ஒத்தால் மட்டும் நோட்டில் எழுதுங்கள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்துவிட வேண்டும். சனி, ஞாயிறு பெய்தது திங்கட்கிழமை மொத்தமாகக் கிடைக்கும். "3 நாள்" என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 40 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகளை அப்படியே அழைத்துப்போய், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைக் காட்டுங்கள். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுவிட்டாலும் பல பள்ளிகளில் அந்தக் குழாய் இலைதழை அடைத்துக் கிடக்கிறது. அடைப்பை எடுக்காவிட்டால் அந்த 2,000 லிட்டரும் மாடியிலேயே நின்று கூரைக்குள் இறங்கும்.

மில்லிமீட்டரைப் பார்த்து முடிவெடுப்பது

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. இவை வானிலை ஆய்வு மையத்தின் அளவுகள். செய்தியில் சொல்லும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளின் பொருளும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு.

பள்ளிக்கு அந்த அளவுகளை எட்டும்வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் கணக்கு இது. ஒரே நாளில் 30 மி.மீ. தாண்டினாலோ, மூன்று நாள் சேர்ந்து 60 தாண்டினாலோ, பிள்ளைகளை உள்ளே விடுமுன் ஆசிரியர் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். பத்து நிமிட வேலைதான்.

கூரையில் ஈரத்திட்டு புதிதாகப் பரவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகமான இடத்தை, அதற்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று, நீள மூங்கிலால் தட்டுங்கள். கெட்டியாக இருந்தால் "டங்" என்று கேட்கும்; பூச்சு விட்டிருந்தால் "டொப்" என்று கேட்கும். "டொப்" கேட்ட அறையில் அன்றைக்கு வகுப்பு வேண்டாம். பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலையோடு முடிகிற சமாசாரம் அல்ல. படம் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது மழையோடு போய்விடும்.

கட்டடத்தைவிடத் தனிச்சுவர்தான் அதிகம் பயப்பட வேண்டியது. கழிப்பறை முன் எழுப்பிய மறைப்புச் சுவர், சுற்றுச்சுவர், பழைய தண்ணீர்த் தொட்டி மேடை எல்லாம் ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்பவை. மண் ஊறினால் அப்படியே சாயும். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறை முன்சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் சாய்ந்திருந்தாலும், அடியில் மண் அரித்திருந்தாலும், சுவரின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. சுவிட்சுப் பலகையைச் சுற்றிச் சுவர் ஈரமாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாடம் நடத்துங்கள். மின்கசிவுத் தடுப்பான் (டிரிப்பர்) இருந்தால் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே அது விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும், விழாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. வளாகத்துக்குள் மின்கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி இருந்தால் அதைப் பிடித்து ஆடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் பத்து மீட்டர் தள்ளி நின்று, யாரையும் நெருங்க விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்ல வேண்டும்.

பிறகு மூடிகள். தரைத்தொட்டி, கழிவுத்தொட்டி, கிணறு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். தேங்கிய மழைநீர் திறந்த குழியைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஊரில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஊர் வரைபடம் வரையச் சொல்லி அதில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். 2019 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது மூடாமல் விட்ட அப்படியொரு குழியில்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம்: நெருப்புப் பயிற்சி

பள்ளியில் பட்டாசு கொளுத்திக் காட்ட வேண்டாம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அதோடு, கூட்டமாக நிற்கும் பிள்ளைகள் நடுவே ஒரு புஸ்வாணம் வெடித்தால் பாடம் ஆபத்தாகிவிடும். கொளுத்தாமலே கற்றுக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

துணிச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். தேவை: ஒரு தட்டில் இரண்டு அங்குல ஆழம் மணல், நீளமான இடுக்கி, மெழுகுவத்தி, ஒரு வாளி தண்ணீர், இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய பருத்தித் துணி ஒன்று, பளபளக்கும் பாலியஸ்டர் பட்டுப்பாவாடைத் துணி ஒன்று. பிள்ளைகள் மூன்று மீட்டர் தள்ளி அரைவட்டமாக உட்காரட்டும், காற்று அவர்கள் பக்கம் வீசக் கூடாது. ஆசிரியர் முதலில் பருத்தியைக் காட்டுவார். அது எரியும், கங்கு ஓடும், ஊதினால் சாம்பலாக உதிரும். அடுத்து பாலியஸ்டர். அது சுருங்கி, உருகி, கருப்புச் சொட்டாக மணலில் விழும். விழுந்த சொட்டை ஆறவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், கல்போல இருக்கும். "இது உருகினபோது தோலில் ஒட்டியிருந்தால்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. புதுத்துணியை மாற்றிக்கொண்டு பருத்திச் சட்டையில் வெடிக்கப் போகிறேன் என்று வீட்டில் பிள்ளையே சொல்லும்.

அடுத்தது "நில், விழு, உருள்." துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றே தீயை வளர்க்கும். நின்று, படுத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும். பாயை விரித்து ஒவ்வொருவரையும் செய்ய வையுங்கள். பெரும்பாலும் முகத்தை மூட மறந்துவிடுவார்கள். மூன்றாவது முறை சரியாக வரும்.

தீக்காயத்துக்குத் தண்ணீர். பேனா மை, பற்பசை, மஞ்சள், தோசை மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளே அடைக்கும், மருத்துவர் காயத்தைப் பார்க்கவும் தடையாகும். ஐஸும் கூடாது. சாதாரணத் தண்ணீர், 20 நிமிடம், சன்னமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 20 நிமிடம் எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே ஒரு பிள்ளையின் கையை நீட்டச் சொல்லி, மற்றவர்கள் முறைபோட்டுக் குவளையால் ஊற்றட்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 40 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று குடம். வெடிக்கப் போகுமுன் வாசலில் மூன்று குடம் நிரப்பி வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் மனதில் பதியும். ஊற்றும்போதே வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாம் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற வராது. காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மறைவிடத்தில் இருந்தாலோ, சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே புறப்பட வேண்டும்.

வீட்டுக்கு எழுதி அனுப்பும் சீட்டில் இவை போதும்: கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் தண்ணீர் வாளிக்குள் (அணைந்த கம்பியை மிதித்துப் பாதம் சுட்டுக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம், செருப்பு கட்டாயம்). நீள ஊதுபத்தியால் கையை நீட்டிப் பற்றவை, குனிந்து முகத்தைக் காட்டாதே. புஸ்வாணம் எரியாமல் நின்றால் மறுபடி போய்ப் பார்க்காதே. பெரியவர் தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றட்டும். மறுநாள் தெருவில் கிடக்கும் வெடிக்காத வெடிகளைப் பொறுக்காதே, மருந்தைக் கொட்டிக் கொளுத்தாதே. இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடப்பது அதுதான்.

அதே வாரத்தில் வெளியேறும் பயிற்சியும் நடத்துங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். சமையல் தீ கீற்றுக் கூரையில் பற்றியது. வெளியேற வழி குறுகல். உங்கள் சத்துணவுக் கூடத்தின் மேலும் பக்கத்திலும் கீற்றோ தார்ப்பாயோ இருந்தால் முதலில் அதை எடுங்கள். விட்டுவிட்டு அடிக்கும் மணி வகுப்புக்கு, விடாமல் அடிக்கும் மணி வெளியேற. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்று ஜோடி போடுங்கள். நாற்பது பேரும் இரண்டு நிமிடத்துக்குள் மைதானத்துக் கொடிக்கம்பத்தடியில் நிற்க வேண்டும். முதல்முறை நடப்பது எப்போதும் ஒன்றுதான்: பாதிப் பேர் பையை எடுக்கத் திரும்புவார்கள், பின்கதவு பூட்டியிருக்கும், வருகைப் பதிவேடு உள்ளேயே இருக்கும். பதிவேட்டைக் கதவோர ஆணியில் தொங்கவிடுங்கள். எண்ணிப் பார்க்காமல் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

தண்ணீர்: கேன் எறிதல்

விளையாட்டுப் பாடவேளைக்கு இதைவிட நல்ல போட்டி இல்லை. 5 லிட்டர் காலிக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். முழுக்கக் காலியாக இருந்தால் காற்று அடித்துப்போகும், நிறைய ஊற்றினால் கை வராது. கைப்பிடியில் 10 மீட்டர் கயிறு கட்டுங்கள். தரையில் கோலமாவால் வட்டம் போட்டு அதில் ஒரு பிள்ளை "குளத்தில் விழுந்தவர்". எறிபவர் கயிற்றின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, கேனை ஆட்டி, ஆளின் தலைக்கு அப்பால் விழும்படி எறிய வேண்டும். பிறகு இழுத்தால் கயிறு அவர் கைக்கு வரும். ஆள்மேலேயே குறிவைத்தால் அடிபடும், முன்னால் விழுந்தால் எட்டாது. நுனியை மிதிக்க மறந்தவரின் கயிறும் கேனோடு போய்விடும், அதைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

எறி, நீட்டு, கத்து; இறங்காதே. நண்பனைக் காப்பாற்ற இறங்கிய பிள்ளையும் சேர்ந்தே மூழ்குவது வழக்கமாக நடக்கும் கொடுமை. ஏரி குளங்களில் மண் அள்ளிய பள்ளங்கள் மழைக்குப் பிறகு தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே அடுத்த அடியில் ஆளுயரம் இறங்கிவிடும். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் தரைப்பாலம் இருக்கிற பிள்ளைகளின் பட்டியல் தனியாக இருக்கட்டும்; தண்ணீர் மேலே போனால் அவர்கள் பள்ளியிலேயே இருக்க வேண்டும், பெற்றோர் வந்துதான் அழைத்துப்போக வேண்டும்.

இடி

மின்னல் தெரிந்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. இடி கேட்கும் வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். மரத்தடி, திறந்த தாழ்வாரம், சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை எதுவும் ஒதுங்கும் இடமல்ல. உள்ளே இருக்கும்போதும் ஜன்னல் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் தொட வேண்டாம். மழை நின்றவுடன் மைதானத்துக்கு ஓடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மழை நின்றாலும் இடி நிற்காது.

பாம்பும் கொசுவும்

வளை நிரம்பினால் பாம்பு மேட்டுக்கு வரும். விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, செருப்பு விடும் இடம் மூன்றையும் கட்டடத்திலிருந்து தள்ளி வையுங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு. அந்த மருந்து எங்கே இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலும் வீங்காமலும் இருக்கலாம்; "வலிக்கல" என்று பிள்ளை சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கொசுவுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குமேல் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை. சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு, உடைந்த குடம் எல்லாவற்றையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரியும். குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

பனைவிதையும் மாவலியும்

புரட்டாசியில் பொறுக்கிய பனங்கொட்டைகளை மண் ஈரமானதும் நடலாம். ஒரு அடிக் குழி, பத்தடி இடைவெளி, மேலே அரையடி மண். மின்கம்பிக்குக் கீழேயும் சுற்றுச்சுவரை ஒட்டியும் நட வேண்டாம். முளை முதலில் கீழே இறங்கும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. செத்துப்போச்சு என்று தோண்டிப் பார்க்காமலிருக்கப் பெயர் எழுதிய குச்சி நட்டுவிடுங்கள்.

கார்த்திகையில் மாவலி சுற்றும் ஊராக இருந்தால், அதைத் தடுப்பதைவிட ஒழுங்காகச் சுற்றக் கற்றுக்கொடுப்பதே நல்லது. பனம்பூக் கரித்தூளைத் துணியில் முடிந்து, கவட்டையில் கட்டி, கயிற்றால் சுற்றும்போது பொறி வட்டமாகப் பறக்கும், அழகுதான். சுற்றுபவர் பெரியவராக இருக்கட்டும். பிள்ளைகள் ஆறு மீட்டர் வட்டத்துக்கு வெளியே, பொறி தங்கள்மேல் வராதபடி காற்று வரும் பக்கம் நிற்கட்டும். பக்கத்தில் வைக்கோற்போரும் கீற்றுக் கொட்டகையும் இருக்கக் கூடாது. கயிற்றைச் சுற்றுமுன் வெறும் கல்லைக் கட்டி இழுத்துப் பாருங்கள். போன வருடத்துக் கயிறு சூட்டில் இற்றிருக்கும். அகல் வைக்கும் பிள்ளைகளின் தாவணியும் துப்பட்டாவும் பின்னால் முடிச்சிட்டிருக்க வேண்டும்.

கதவோரம், பதிவேட்டு ஆணிக்குக் கீழே, பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, குழந்தைகள் உதவி 1098, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மழை விடுமுறை வதந்தி வாட்ஸ்அப்பில் ஆட்சியர் அறிவிப்புக்கு முன்னமே வரும். தெருவுக்கு ஒரு பெற்றோர் என்று பொறுப்பு வைத்து, தலைமையாசிரியர் சொன்னால் மட்டும் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

டிசம்பர் 31 அன்று கடைசி அளவை எழுதி மூன்று மாதக் கூட்டுத்தொகை போடுங்கள். மாநிலச் சராசரி சுமார் 440 மி.மீ.; கடலோரப் பள்ளிக்கு இது கூடும், உள்மாவட்டத்தில் குறையும். பிறகு பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து அலமாரியில் வையுங்கள்.